விண்ணிலிருந்து திரும்பிய பரப்பில் மோதல் குழிகளை ஆராய்வது: முழுமையான வழிகாட்டி

சுற்றுப்பாதையில் இருந்துவிட்டுத் திரும்பிய உலோகத் தகடு, ஜன்னல் கண்ணாடி, சூரிய மின்பலகை, வெப்பப் போர்வை ஆகியவற்றில் மோதல் குழிகளைத் தேடி, அளந்து, மோதியது விண்வெளிக் குப்பையா நுண்விண்கல்லா என்று சொல்லும் வேலைக்கான வரிசை இது. வரிசை மாறினால் வேலை கெடும். குழியின் அளவு எங்கும் போய்விடாது, அடுத்த வருடம்கூட அளக்கலாம். குழிக்குள் ஒட்டியிருக்கும், மோதிய துகளின் எச்சம் அப்படியல்ல. ஒருமுறை துடைத்தால் போயிற்று. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த எச்சத்தைக் காப்பாற்றுவதை முன்வைத்தே அடுக்கப்பட்டிருக்கிறது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஆவணங்கள். அந்தப் பரப்பு எத்தனை நாள் வெளியே இருந்தது, எந்த உயரத்தில், எந்தத் திசையைப் பார்த்தபடி என்ற பறப்புப் பதிவு வேண்டும். திசை தெரியாத பரப்பில் எண்ணிய குழிகளை எதனோடும் ஒப்பிட முடியாது. 1984 ஏப்ரலில் விடப்பட்டு 1990 ஜனவரியில் மீட்கப்பட்ட நாசாவின் எல்டெஃப் கலம் (பொருட்களை நீண்டகாலம் விண்ணில் வைத்துச் சோதிக்க விடப்பட்டது) 5.7 ஆண்டுகளும் ஒரே நிலையில் பறந்தது. பறக்கும் திசையைப் பார்த்த அதன் முன்முகத்தில் பின்முகத்தைவிட ஏறத்தாழ 20 மடங்கு மோதல்கள் இருந்தன. முகம் மாறினால் எண்ணிக்கை அவ்வளவு மாறும்.

இரண்டாவது, பறக்காத மாதிரி. அதே வார்ப்பில், அதே பூச்சோடு தரையிலேயே இருந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இது இல்லாமல் 8-ஆம் படியில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்குவது எளிது, ஆனால் பலரும் கேட்க மறக்கிறார்கள்.

மூன்றாவது, பறப்புக்கு முந்தைய புகைப்படங்கள். தொழிற்சாலையில் விழுந்த கீறலும் பள்ளமும் அதில் இருக்கும்.

கருவிகள்: 10 முதல் 100 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி, அதை எக்ஸ், ஒய் திசைகளில் நகர்த்தும் தாங்கி, தாழ்வாகச் சாய்த்து வைக்கக்கூடிய விளக்கு, ஆழம் அளக்க கன்ஃபோகல் நுண்ணோக்கி, எந்தெந்தத் தனிமங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ்-கதிர் நிறமாலைக் கருவி பொருத்திய ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி. கடைசிக் கருவி குறைந்த வெற்றிடத்திலும் இயங்கினால் நல்லது. காரணம் 7-ஆம் படியில் வருகிறது.

கையில் திரும்பி வந்த பரப்பு இல்லாதவர்கள், வாயுத் துப்பாக்கியால் சோடா-லைம் கண்ணாடி மணிகளைச் சுட்ட அலுமினியத் தகட்டில் பழகலாம். சுட்டது என்ன, எந்த அளவு, எந்த வேகம் என்பது முன்பே தெரியும் என்பதால் உங்கள் விடையைச் சரிபார்க்க முடியும்.

## 2. கழற்றும் முன் திசையைக் குறியுங்கள்

பாகத்தைக் கலத்திலிருந்து பிரித்த பிறகு எது மேல், எது பறக்கும் திசை என்பது மறந்துவிடும். கலத்தில் இருக்கும்போதே படம் எடுத்து, குழி இல்லாத ஓரத்தில் இரண்டு குறிகள் இடுங்கள். ஒரு மூலையை ஆதிப்புள்ளியாக வைத்து எல்லாக் குழிகளுக்கும் ஆயத்தொலைவு கொடுங்கள்.

அருகில் நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனா, கைப்பிடி, பக்கத்துச் சுவர் எல்லாவற்றையும் வரைபடத்தில் சேர்க்க வேண்டும். அவை வானத்தின் ஒரு பகுதியை மறைத்திருக்கும். அந்த மறைப்பைக் கழிக்காமல் கணக்கிட்டால் மோதல் வீதம் குறைவாக வரும்.

## 3. துடைக்காதீர்கள்

பரப்பில் பழுப்பு நிறப் படலமும் தூசியும் இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுக்கக் கை நீளும். அந்த ஒரு துடைப்பு இரண்டு கேடு செய்கிறது. குழியின் உதட்டில், அதாவது எழும்பிய விளிம்பில், ஒட்டியிருக்கும் உருகிய எச்சத்தைப் பெயர்க்கிறது. வெளியே கிடந்த அழுக்கைக் குழிக்குள் தள்ளுகிறது.

தளர்ந்த தூசி இருந்தால் வடிகட்டிய உலர் நைட்ரஜனை மிக மெதுவாக, பரப்புக்குக் கிட்டத்தட்ட இணையாகச் செலுத்துங்கள். அதையும் முதல் சுற்றுப் படங்கள் எடுத்த பிறகே செய்ய வேண்டும்.

கையுறை தூள் இல்லாத நைட்ரைலாக இருக்கட்டும். டால்க் தூள் மக்னீசியம் சிலிக்கேட். குழிக்குள் ஒரு துணுக்கு விழுந்தால் மக்னீசியமும் சிலிக்கானும் தெரியும். பார்ப்பவர் விண்கல் என்று எழுதிவிடுவார்.

வேலை நடக்கும் மேசை மேல் சுத்தமான சிலிக்கான் வேஃபர் (வழவழப்பான மெல்லிய தகடு) ஒன்றைத் திறந்து வையுங்கள். வேலை முடியும் வரை அது அங்கேயே இருக்கட்டும். அறையின் தூசி என்ன என்பதை அது பதிவு செய்யும். பிறகு குழிக்குள் ஐயத்துக்குரிய துகள் கிடைத்தால் வேஃபரில் அதே துகள் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

## 4. தேடல்: விளக்கு எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்

நேர் மேலிருந்து விழும் ஒளியில் சிறு குழிகள் பின்னணியில் கரைந்துவிடும். விளக்கைப் பரப்பிலிருந்து 10 முதல் 20 பாகை வரை தாழ்த்துங்கள். எழும்பிய உதடு ஒரு பக்கம் ஒளிரும், மறுபக்கம் நிழல் விழும். ஒரு சுற்று முடிந்ததும் விளக்கை 90 பாகை திருப்பி மறுபடி தேடுங்கள். கீறல்கள் ஒரு திசை ஒளியில் மட்டும் தெளிவாகத் தெரியும். வட்டக் குழி இரண்டிலும் தெரியும்.

பரப்பை வரிவரியாக, ஒவ்வொரு காட்சிப் புலமும் முந்தையதோடு கால் பங்கு மேற்படியும்படி நகர்த்துங்கள். கண்ணில் பட்ட பெரிய குழிக்குத் தாவினால் ஓரங்கள் விடுபடும்.

இரண்டு பேர் தனித்தனியே, ஒருவர் பட்டியலை மற்றவர் பார்க்காமல் எண்ண வேண்டும். ஒருவர் மட்டும் கண்டவை எந்த அளவிலிருந்து அதிகமாகின்றன என்று பாருங்கள். அந்த அளவுக்குக் கீழே உங்கள் எண்ணிக்கை முழுமையானதல்ல. அறிக்கையில் அந்த எல்லையைச் சொல்லியே ஆக வேண்டும்.

## 5. குழிதானா என்று முடிவு செய்வது

உடையாமல் நீண்டுகொடுக்கும் உலோகத்தில், அதாவது அலுமினியம், தங்கம், செம்பு போன்றவற்றில், அதிவேக மோதல் கிண்ணம் போன்ற குழியை உண்டாக்கும். விளிம்பு சுற்றிலும் எழும்பி, வெளிப்பக்கம் மடிந்து, உருகிய தோற்றத்தோடு இருக்கும். கருவி விழுந்த பள்ளத்துக்கு இந்த மடிந்த உதடு இருக்காது. அரிப்புப் பள்ளத்தின் விளிம்பு தட்டையாக இருக்கும், உட்சுவர் சொரசொரப்பாக இருக்கும்.

கண்ணாடியில் நடுவில் சிறிய குழி, அதைச் சுற்றி நொறுங்கிய வெண்மையான வளையம், அதற்கும் வெளியே சங்கு வடிவில் பெயர்ந்த அகலமான பகுதி என மூன்று அடுக்குகள் தெரியும். 1983 ஜூனில் பறந்த சேலஞ்சர் விண்ணோடத்தின் ஜன்னலில் சுமார் 0.2 மி.மீ. பெயின்ட் துணுக்கு 4 மி.மீ. அகலத்துக்குப் பள்ளம் இட்டது. வெளி அகலத்தை உலோகக் குழியின் விட்டம்போல எடுத்துக்கொண்டால் துகளைப் பல மடங்கு பெரிதாக மதிப்பிடுவீர்கள்.

பெயின்ட் பூசிய பரப்பில் பெயின்ட் தனியாகப் பெயர்ந்து விழும். நடுவில் உலோகத்தைத் தொட்ட குழி இருந்தால்தான் மோதல் என்று எண்ணுங்கள். வெப்பச் சுழற்சியாலும் பெயின்ட் உதிரும்.

ஒரே இடத்தில் சிறு குழிகள் விசிறிபோலச் சிதறியிருந்தால், அவை பக்கத்தில் எங்கோ விழுந்த ஒரே மோதலின் தெறிப்பாக இருக்கலாம். கோடுகளைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் சேர்ந்தால் மொத்தத்தையும் ஒரு நிகழ்வாகத் தனியே பதியுங்கள். இதைத் தவறவிட்டால் சிறு துகள்களின் எண்ணிக்கை வீங்கிவிடும்.

## 6. தொடாமல் அளப்பது

ஒவ்வொரு குழிக்கும் இரண்டு விட்டங்கள் உண்டு: உதட்டின் உச்சியிலிருந்து உச்சிவரை ஒன்று, பழைய பரப்பின் மட்டத்தில் ஒன்று. இரண்டையும் பதியுங்கள், எது எது என்று தெளிவாக எழுதுங்கள். வெறுமனே ‘விட்டம்’ என்று எழுதிய தரவை இன்னொரு குழுவின் தரவோடு சேர்த்தால் இரண்டுமே பயனற்றுப் போகும்.

ஆழத்தைப் பழைய பரப்பு மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், உதட்டு உச்சியிலிருந்து அல்ல. கன்ஃபோகல் கருவி செங்குத்தான சுவரில் ஒளியை இழக்கும். ஆனால் அடித்தளம் தெரிந்தால் ஆழத்துக்கு அது போதும்.

பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிலிகோன் அச்சு எடுத்தால் குழியின் வடிவம் அருமையாக வரும். ஆனால் அது சிலிக்கானை விட்டுச் செல்லும், எச்சத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். 8-ஆம் படி முடிந்த குழிகளில் மட்டும் அச்சு எடுங்கள்.

நீள்வட்டக் குழி என்றால் நெட்டச்சு, குற்றச்சு, நெட்டச்சின் திசை மூன்றையும் எழுதுங்கள். ஆனால் வட்டமாக இருப்பதால் நேராக வந்து மோதியது என்று முடிவு கட்டக் கூடாது. அதிவேக மோதலில் மிகவும் சாய்வாக வந்தால்தான் குழி நீளும். 45 பாகையில் வந்ததும் பெரும்பாலும் வட்டக் குழியையே விட்டுச் செல்லும்.

தகட்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். தடிமன் குழி ஆழத்தின் மூன்று மடங்குக்குக் குறைவாக இருந்தால் பின்பக்கம் வீங்கியோ செதிள் பெயர்ந்தோ இருக்கலாம். அந்தக் குழிகளுக்கு 10-ஆம் படியின் சூத்திரம் நேரடியாகப் பொருந்தாது.

## 7. வெட்டி எடுப்பதும் கருவிக்குள் வைப்பதும்

பெரிய பாகம் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் போகாது. ஹப்பிள் தொலைநோக்கியின் இரண்டாவது அகலப்புலக் கேமராவின் ரேடியேட்டர் 2.2 மீட்டர் நீளமும் 0.8 மீட்டர் அகலமும் கொண்டது. 1993 டிசம்பரிலிருந்து 2009 மே வரை விண்ணில் இருந்தது. அதிலிருந்து 480-க்கும் மேற்பட்ட மோதல் இடங்கள் வட்டத் துண்டுகளாக வெட்டி எடுக்கப்பட்டன.

வெட்டும் முன் குழிக்கு மேல் மூடி பொருத்த வேண்டும். மூடி குழியைத் தொடாமல் சுற்றியுள்ள பரப்பில் மட்டும் உட்கார வேண்டும். குளிர்விக்கும் எண்ணெயோ நீரோ வேண்டாம். மெதுவாக, உலர்வாக வெட்டுங்கள். வெட்டும் கருவியின் எஃகு எந்த வகை என்பதையும் எழுதி வையுங்கள். எஃகுத் துருவல் குழிக்குள் விழுந்தால் இரும்பும் குரோமியமும் தெரியும். அவை துருப்பிடிக்காத எஃகுக் குப்பையின் அடையாளங்களும்கூட.

கண்ணாடி, பெயின்ட் போன்ற மின்கடத்தாப் பரப்புக்குத் தங்கப் பூச்சு போடாதீர்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் எக்ஸ்-கதிர் விடும், அந்த வரிகளுக்குக் கே, எல், எம் என்று பெயர். தங்கத்தின் எம் வரி 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கந்தகத்தின் கே வரி 2.31. விண்கல்லின் முக்கியச் சான்றுகளில் ஒன்றான கந்தகம் அந்த நிழலில் மங்கிவிடும். குறைந்த வெற்றிட நிலையில் பூச்சே இல்லாமல் பாருங்கள். முடியாவிட்டால் மெல்லிய கார்பன் பூச்சு போடுங்கள்.

## 8. எச்சத்தை வாசிப்பது

அதிக நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும்.

முதலில் பின்சிதறிய எலக்ட்ரான் படத்தை எடுங்கள். அதில் கனமான தனிமங்கள் வெளிச்சமாகத் தெரியும். அலுமினியக் குழியில் இரும்பு, டைட்டானியம், துத்தநாகம் கொண்ட எச்சம் உடனே கண்ணில் படும். மக்னீசியம், சிலிக்கான் கொண்டது படாது, ஏனெனில் அவற்றின் அணு எண் அலுமினியத்தின் இருபுறமும் ஒட்டியே இருக்கிறது. ஆகவே வெளிச்சமான புள்ளி இல்லை என்பதற்காகக் குழியை விட்டுவிடாமல், தனிம வரைபடம் எடுத்தே தீர வேண்டும்.

அடுத்தது கோணம். எக்ஸ்-கதிர் உணரி ஒரு பக்கமாகச் சாய்ந்து அமர்ந்திருக்கிறது. ஆழமான குழியில் உணரிக்கு அருகிலுள்ள சுவர் தன் கதிர்களைத் தானே மறைக்கும், எதிர்ச்சுவர் மட்டும் தெரியும். புதியவர்கள் ஒரே ஒரு கோணத்தில், குழியின் நடுவில் கற்றையை வைத்து, ‘எச்சம் இல்லை’ என்று எழுதுவது இதனால்தான். மாதிரியை 90 பாகை வீதம் நான்கு முறை சுழற்றி நான்கு சுவர்களையும் பாருங்கள். உதட்டின் உட்புறமும் மடிப்பின் அடியும் எச்சம் தங்கும் இடங்கள்.

மூன்றாவது மின்னழுத்தம். 20 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான்கள் அலுமினியத்தில் சுமார் 4 மைக்ரான் ஆழம் போகும். எச்சம் அதைவிட மெல்லிய படலமாக இருந்தால் அடித்தட்டின் ஒலிதான் கேட்கும். 5 கிலோவோல்ட்டில் ஆழம் அரை மைக்ரானுக்கும் குறைவு, மெல்லிய எச்சம் மேலே வரும். ஆனால் இரும்பின் கே வரி அந்த அழுத்தத்தில் எழவே எழாது. இரண்டு மின்னழுத்தத்திலும் நிறமாலை எடுத்து அருகருகே வையுங்கள்.

நான்காவது, மென்பொருள் தானாக ஒட்டும் பெயர்ச்சீட்டுகளை நம்பாதீர்கள். துத்தநாகத்தின் எல் வரி 1.01, சோடியத்தின் கே வரி 1.04. பெயின்ட்டின் துத்தநாகத்தை உப்பின் சோடியமாக மென்பொருள் காட்டும். துத்தநாகம் என்றால் 8.6-இல் கே வரியும் இருக்க வேண்டும், அங்கே பாருங்கள். ஈயத்தின் எம் வரியும் (2.34) கந்தகத்தின் கே வரியும் இதேபோல ஒன்றன்மேல் ஒன்று விழும். டைட்டானியத்தையும் பேரியத்தையும் 4.5 அருகே பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, குழிக்கு வெளியே மூன்று இடங்களிலும் பறக்காத மாதிரியிலும் அதே அமைப்பில் நிறமாலை எடுங்கள். 6061 அலுமினியக் கலவையிலேயே மக்னீசியமும் சிலிக்கானும் இருக்கின்றன, இரும்பு கொண்ட துணுக்குகளும் இருக்கின்றன. ஹப்பிள் ரேடியேட்டரின் வெள்ளைப் பெயின்ட் துத்தநாகமும் டைட்டானியமும் கொண்டது, அதன் பிணைப்பான் பொட்டாசியம் சிலிக்கேட். அந்தப் பரப்பில் டைட்டானியம் கிடைத்தால் அது எதற்கும் சான்றல்ல. சூரிய மின்கலத்தின் மூடுகண்ணாடியில் மக்னீசியம் ஃபுளோரைடு பூச்சு இருக்கலாம். சிலிகோன் ஆவி படிந்த பரப்பில் சிலிக்கான் எங்கும் இருக்கும். எல்டெஃபில் நுண்விண்கல் வேதியியலுக்கான சோதனையில் தங்கத் தகடுகள் வைத்ததற்குக் காரணம் இதுதான்: தங்கத்தில் இந்தக் குழப்பங்கள் மிகக் குறைவு.

## 9. வகை பிரிப்பது

மக்னீசியம், சிலிக்கான், இரும்பு மூன்றும் சேர்ந்து, பின்னணியைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் நுண்விண்கல். இரும்பு, கந்தகம், சிறிது நிக்கல் என்றாலும் அப்படியே.

டைட்டானியம், துத்தநாகம் பெயின்ட்டைக் காட்டும். இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகு. செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஈயம் மின்னணுப் பாகங்களிலிருந்து வந்தவை. அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும் என்றால் திட எரிபொருள் ராக்கெட்டின் புகையில் உருவான அலுமினாத் துகளாக இருக்கலாம். ஆனால் இதை அலுமினியம் அல்லாத பரப்பில்தான் சொல்ல முடியும்.

ஒரே ஒரு தனிமத்தை வைத்து வகை சொல்லாதீர்கள். இரும்பு மட்டும், கால்சியம் மட்டும், சிலிக்கான் மட்டும் என்றால் ‘அடையாளம் தெரியாதது’ என்ற மூன்றாவது வகையில் போடுங்கள். சோடியம், பொட்டாசியம், குளோரின் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வியர்வை அல்லது கடற்காற்று.

பின்முகக் குழி என்பதால் விண்கல் என்றும், முன்முகக் குழி என்பதால் குப்பை என்றும் முன்கூட்டியே எழுத வேண்டாம். எல்டெஃபின் பின்முகத் தங்கத் தகடுகளிலும் மனிதர் செய்த பொருளின் எச்சம் கிடைத்தது. நீள்வட்டப் பாதையில் சுற்றும் குப்பை பின்னாலிருந்தும் எட்டிப் பிடிக்கும்.

## 10. துகளின் அளவு

வகை தெரிந்த பிறகே இந்தக் கணக்கு. தடித்த அலுமினியத்துக்கு வழக்கமாகப் பயன்படுவது கூர்-பலே சூத்திரம்:

ஆழம் = 5.24 × (துகள் விட்டம்)^(19/18) × (பிரினெல் கடினம்)^(−1/4) × (துகள் அடர்த்தி ÷ தகட்டின் அடர்த்தி)^(1/2) × (செங்குத்து வேகம் ÷ ஒலி வேகம்)^(2/3)

ஆழமும் விட்டமும் செ.மீ. அளவில், வேகம் விநாடிக்குக் கி.மீ. அளவில். செங்குத்து வேகம் என்பது பரப்புக்கு நேர்குத்தான கூறு மட்டும். 6061-டி6 அலுமினியக் கலவைக்குப் பிரினெல் கடினம் (உலோகம் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் எண்) 95, அதற்குள் ஒலி வேகம் 5.1.

ஆழம் 0.5 மி.மீ. உள்ள குழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். குப்பை என்றால் அடர்த்தி 2.7, வேகம் 10, சாய்வு 45 பாகை, செங்குத்துக் கூறு 7.07. துகள் விட்டம் 0.29 மி.மீ., நிறை சுமார் 35 மைக்ரோகிராம். அதே குழி நுண்விண்கல்லால் என்றால் அடர்த்தி 2.5, வேகம் 20, செங்குத்துக் கூறு 14.1. விட்டம் 0.20 மி.மீ., நிறை சுமார் 10 மைக்ரோகிராம். ஒரே குழிக்கு நிறை மூன்றரை மடங்கு மாறுகிறது. எச்சத்தை இழந்துவிட்டு அளவை மட்டும் வைத்திருப்பவர் இந்த இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

செ.மீ.க்குப் பதில் மி.மீ. போட்டால் விடை நம்பும்படியாகவே தோன்றும், ஆனால் தவறாக இருக்கும். அடுக்கு 1 அல்ல, 19/18. சரிபார்க்க ஒரு வழி: விநாடிக்கு 6.1 கி.மீ. வேகத்தில் சோடா-லைம் கண்ணாடி மணி மென்மையான அலுமினியத் தாளில் தன் விட்டத்தைப் போல் சுமார் 4.6 மடங்கு அகலக் குழி இடும். உங்கள் விடை குழி அகலத்தின் பாதியாகவோ ஐம்பதில் ஒரு பங்காகவோ வந்தால் அலகைப் பாருங்கள்.

கண்ணாடி, பெயின்ட், பல அடுக்குப் போர்வை ஆகியவற்றுக்கு இந்தச் சூத்திரம் செல்லாது. அந்தந்தப் பரப்பில் சுட்டுப் பெற்ற அளவுத்திருத்தம் வேண்டும்.

## 11. மோதல் வீதம்

குழிகளின் எண்ணிக்கையைப் பரப்பளவாலும் ஆண்டுகளாலும் வகுங்கள். அரை சதுர மீட்டரில் 2 ஆண்டுகளில் 12 குழி என்றால், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12. திருகுகள், ஒட்டுநாடா மூடிய இடம், தேட முடியாத விளிம்பு எல்லாவற்றையும் பரப்பளவிலிருந்து கழியுங்கள்.

சிறிய எண்ணிக்கையின் பிழை பெரிது. 4 குழி கண்டால் உண்மையான சராசரி ஏறத்தாழ 2-க்கும் 7-க்கும் இடையே இருக்கலாம். ஒன்றுமே காணாவிட்டாலும் வீதம் பூச்சியம் அல்ல. 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய மேல் எல்லை, 3-ஐப் பரப்பளவு × காலத்தால் வகுத்தது.

இன்ன விட்டமும் அதற்கு மேலும் உள்ளவை எத்தனை என்று இரு அச்சும் மடக்கை அளவில் உள்ள வரைபடத்தில் குறியுங்கள். சிறு அளவுப் பக்கம் கோடு தட்டையாக மடங்கும் இடம் உங்கள் கண்டறியும் எல்லை. அது 4-ஆம் படியில் இருவர் எண்ணிக்கையிலிருந்து கிடைத்த எல்லையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒரு பகுதியை மீண்டும் தேடுங்கள்.

நாசாவின் ஆர்டெம், ஐரோப்பிய விண்வெளி முகமையின் மாஸ்டர் போன்ற, மோதல் வீதத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளோடு ஒப்பிடும்போது, அதே உயரம், அதே ஆண்டுகள், அதே முகம் கொடுத்து ஓட்டுங்கள். உருண்டைக்கான சராசரி வீதத்தோடு ஒரு தட்டையான முகத்தை ஒப்பிடுவது அடிக்கடி காணும் பிழை.

## 12. பதிவும் சேமிப்பும்

ஒவ்வொரு குழிக்கும் ஒரு வரி: ஆயத்தொலைவு, இரண்டு விட்டங்கள், ஆழம், வடிவம், நிறமாலைக் கோப்புகளின் பெயர், பின்னணி நிறமாலையின் பெயர், வகை, அந்த வகையைச் சொல்லக் காரணமான தனிமங்கள். அடையாளம் தெரியாதவற்றைக் குப்பைக்கும் விண்கல்லுக்கும் விகிதப்படி பங்கிட்டுவிடாதீர்கள். எச்சம் எளிதில் ஆவியாகிவிடும் துகள்கள்தான் அந்த வகையில் அதிகம் சேரும், ஆகவே அவை மற்றவற்றின் விகிதத்திலேயே இருக்கும் என்று எண்ண இடமில்லை.

வெட்டிய துண்டுகளை உலர் நைட்ரஜன் பெட்டியில், குழி கீழ்நோக்காமல், எதுவும் மேலே தொடாமல் வையுங்கள். துண்டின் பக்கவாட்டில் எண்ணைக் கீறி எழுதுங்கள், மை வேண்டாம். மேசையில் வைத்திருந்த சிலிக்கான் வேஃபரையும், வெட்டும் கருவியின் துருவலில் சிறிதையும், பறக்காத மாதிரியையும் அதே பெட்டியில் தனித்தனி உறைகளில் சேர்த்து வையுங்கள். பத்தாண்டு கழித்து இன்னும் நுட்பமான கருவியோடு வருபவர் முதலில் கேட்கப்போவது அந்த மூன்றையும்தான்.